ஒரு கேள்விக்கு ஒரு கிழமை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து மரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது உங்களில் ஒருத்தி சொன்னாள்: "இந்தக் காலத்துப் பிள்ளையள் அளவுக்கு மிஞ்சி யோசிக்குதுகள். உதாலைதான் ஒண்டுக்கும் கலியாணம் சரிவருகுதில்லை." மற்ற எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் ஆட்டவில்லை. என் வாய் நிறையப் பணிஸ் இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் கதை நீரிழிவுக்கும் முழங்காலுக்கும் போய்விட்டது. அன்று சொல்ல வந்ததை இப்போது சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். பண்டத்தரிப்பில் இருந்தோம். ஓகஸ்ட் மாத விடுமுறை. சோழகக் காற்று பனைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. வளவெல்லாம் விழுந்து வெடித்த பனம்பழத்தின் வாசம். எது நனைந்தாலும் அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், அதன்மேல் செம்மண் தூசும் படிந்துவிடும். அந்தக் காற்றோடு சின்னம்மா வந்து இறங்கினார். அம்மாவின் தங்கச்சி. விஞ்ஞானம் படித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தவர். தகரப் பெட்டி ஒன்று, குடை ஒன்று, என்னைக் கண்டவுடன் ஒரு கேள்வி.

"நீ உயந்திட்டியோ, இல்லாட்டி உந்தச் சட்டை சுருங்கிட்டுதோ?"

நான் யோசித்தேன். எனக்குத் தெரியாது என்றேன். "நல்ல மறுமொழி. வா, பாப்பம்," என்று அங்கேயே என்னைக் கதவு நிலையோடு நிறுத்தி அளந்தார். போன முறை அளந்த கீறல் அதே நிலையில் இருந்தது. நான் உயர்ந்திருந்தேன். சட்டையும் சுருங்கியிருந்தது. "ரெண்டும் சரி. சில நேரம் அப்பிடியும் வரும்," என்றார்.

சின்னம்மாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சின்னமுத்துக் காய்ச்சல் வந்து போனபோது அந்தக் காதையும் கொண்டுபோய்விட்டதாம். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாமல் போகுமா? அந்தப் பக்கத்துக் காதில் ரகசியம் சொன்னால் அது போன இடம் தெரியாது. வலது பக்கம் சொன்னால் உடனே சிரிப்பு வரும். நான் எப்போதும் வலது பக்கம் நடப்பேன். எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. சிலர் இடது கையால் எழுதுவதில்லையா, அதுபோல.

அம்மாவும் சின்னம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் புதிய ஆட்கள் நம்பமாட்டார்கள். அம்மா எதையும் தொட்ட மாத்திரத்தில் முடிவெடுப்பவர். கடையில் முதலாவதாகக் கைபட்ட சீலையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சின்னம்மாவுக்கு எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒருநாள் அம்மா ஏதோ கோபத்தில் கத்த, சின்னம்மா அமைதியாகக் கேட்டார்.

"அக்கா, உனக்கு எதிலை கோபம்? நான் சொன்னதிலையோ, சொன்ன விதத்திலையோ?"

"ரெண்டிலையும்!"

"சரி. முதல் ஒண்டை எடுப்பம்."

அம்மாவின் கையில் இருந்த அகப்பை நிலத்தில் போய் விழுந்தது. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

சின்னம்மா வந்த நேரம் எங்கள் வீட்டுப் பசு அம்மாவை உதைக்கத் தொடங்கியிருந்தது. அப்பா பால் கறந்தால் சிலைபோல நிற்கும். அம்மா போய்க் குந்தினால் செம்பு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். "ஆரோ கண்ணூறு போட்டிட்டினம். விப்பம்," என்று அம்மா ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"விக்கிறதெண்டா விக்கலாம்," என்றார் சின்னம்மா. "முதல் ஏன் உதைக்குது எண்டு பாப்பம். ஆனா ஒரு நேரத்திலை ஒண்டை மட்டும்தான் மாத்த வேணும். எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினா எது காரணம் எண்டு தெரியாது."

என்னை உதவியாளராக நியமித்தார். வாழ்க்கையில் பிறகு எத்தனையோ நியமனம் கிடைத்தது. அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. முதலில் அம்மாவைப் பசுவின் மறுபக்கம் இருத்தினோம். உதைத்தது. அடுத்த நாள் பக்கத்தைப் பழையபடி விட்டு, அம்மாவுக்கு அப்பாவின் சேர்ட்டைப் போட்டுவிட்டோம். சீலைக்கு மேல் சேர்ட்டோடு அம்மா மாட்டுக் கொட்டிலுக்குப் போன காட்சியை அப்பா சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பசு அதற்கும் உதைத்தது. மூன்றாவது நாள் சின்னம்மா அம்மாவின் கையைப் பிடித்தார். நல்லூர்த் திருவிழாக் கடையில் கண்டவுடன் ஆசைப்பட்டு வாங்கிய கண்ணாடி வளையல்கள். கறக்கும்போது கலகலவென்று சத்தம் போடுபவை.

வளையலைக் கழற்றிய அன்று செம்பு நிறையப் பால் வந்தது. நான் முற்றத்தில் துள்ளினேன். சின்னம்மா துள்ளவில்லை. "பழையபடி போடு, அக்கா," என்றார். போட்டவுடன் பசு காலைத் தூக்கியது. அதன் பிறகுதான் அவர் சிரித்தார். அம்மாவோ செம்பைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "உது எனக்கு முதலே தெரியும்," என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் என் தொல்லை தாங்க முடியாமல் போயிற்று. மத்தியானத்தில் அப்பா எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் குறட்டை விடுகிறார் என்று பார்க்க அவரைப் புரட்டிப் புரட்டி விட்டேன். தலையணையை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் அவர் எழும்பி, "ஆராய்ச்சிக்காரி, என்னை நித்திரை கொள்ளவிட்டாத்தான் குறட்டை வரும்," என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது.

எல்லா நேரமும் சிரிப்பாக இருக்கவில்லை. அம்மாவின் கலியாணத்துக்கு யாரோ கொடுத்த பெரிய பூப்போட்ட கோப்பை ஒன்று இருந்தது. விருந்தாளிகளுக்குக்கூட எடுக்கமாட்டார். அது ஒருநாள் கழுவும்போது இரண்டாகப் பிளந்தது. அம்மா துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். சின்னம்மா பக்கத்தில் வந்து ஒரு துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "இஞ்சை பார், அக்கா, இந்த வெடிப்புப் பழசு. தண்ணி சூடா இருந்ததாலை..." என்று தொடங்கினார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று முழுக்கச் சின்னம்மாவுடன் கதைக்கவில்லை. பின்னேரம் சின்னம்மா ஒன்றும் சொல்லாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து மா அரித்தார். இருட்டும்வரை இரண்டு பேரும் அரித்தார்கள். பிறகு கிணற்றடியில் என்னிடம் சொன்னார்: "காரணம் தெரிஞ்சா துக்கம் குறையும் எண்டு நினைச்சன். எனக்குக் குறையும். அவளுக்குக் குறையாது போல." அதைப் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றைப்போலச் சொன்னார். அதன் பிறகு அம்மா அழுதால் அவர் காரணம் சொன்னதில்லை.

இப்போது கலியாணக் கதைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கும் மூத்தவர் பெரியம்மா. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். சம்பந்தம் பேசுவது அவருடைய பொறுப்பு. ஏற்கெனவே இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. இரண்டும் சரிவரவில்லை. "உவள் வாற மாப்பிள்ளையளைச் சோதினை வைக்கிறாள். படிச்ச திமிர்," என்பது ஊர்க் கதை. நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மை என்னவென்றால், இரண்டு முறையும் சின்னம்மா தன் காதைப் பற்றித் தானே சொல்லியிருக்கிறார். அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள்தான். காதை மறைக்கப் பெரியம்மா திமிர்க் கதையைப் பரப்பியிருக்கிறார். சின்னம்மா அதை மறுக்கவே இல்லை. இது எனக்குத் தெரியவந்தது அந்த விடுமுறையில், குசினியில், தேங்காய்த் துருவலுக்குக் காவல் இருந்தபோது.

மூன்றாவது இடம் மானிப்பாய். மாப்பிள்ளை நில அளவையாளர். தாய் மட்டும்தான். சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

"இந்த முறை நீ வாய் திறக்கப்படாது," என்றார் பெரியம்மா. "தாலி ஏறினாப் பிறகு மெதுவாச் சொல்லலாம்."

"பெரியக்கா, கலியாணம் முடிஞ்சு அடுத்த நாளே அவருக்குத் தெரியவரும். தெரியவாறது ரெண்டு விஷயம். ஒண்டு, எனக்கு ஒரு காது கேளாது. மற்றது, நாங்கள் அதை ஒளிச்சது. முதலாவது என்ரை பிழையில்லை. ரெண்டாவதுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"அதுக்குள்ளை அன்பு வந்திடும்," என்றார் அம்மா.

"ஒரு நாளிலையோ, அக்கா?"

"பாரன், இதையும் கணக்குப் பாக்கிறாள்!" பெரியம்மா தேங்காய் துருவிய திருவலகையைக் காலால் தள்ளினார். "உனக்கு மனசு எண்டு ஒண்டு இருக்கோ? எங்கடை முகத்தைப் பற்றி யோசிச்சியோ?"

சின்னம்மாவின் முகம் சிவந்திருந்தது. அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "சரி," என்றார். "நான் சொல்லமாட்டன். ஆனா ஒரு கேள்வி கேப்பன். அதுக்காவது விடுங்கோ."

சனிக்கிழமை பெரியம்மா விறாந்தையில் கதிரை போட்டார். சின்னம்மாவின் இடது பக்கம் சுவர். எல்லோரும் வலது பக்கம். அந்த ஒழுங்கில் பெரியம்மா கெட்டிக்காரி. அன்றைக்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. பனையோலைகள் அடித்த அடியில் எல்லோரும் சத்தமாகத்தான் கதைக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை மெல்லிய ஆள், வெயிலில் கறுத்த கழுத்து, நிறையக் கதைக்கவில்லை. பனங்காய்ப் பணியாரம் ஒன்றை எடுத்தவர், நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு தட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. நான் அம்மாவின் மகள்தானே.

பிறகு சின்னம்மா கேட்டார்.

"நீங்கள் கடைசியா எப்ப ஒரு ஆளைப் பற்றின உங்கடை அபிப்பிராயத்தை மாத்தினீங்கள்?"

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனபடியே நிறுத்தினார். பெரியம்மா கண்ணை மூடினார், செபம் செய்கிறாரோ என்னவோ. மாப்பிள்ளை முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு உடனை சொல்லத் தெரியேல்லை," என்றார். "யோசிக்க வேணும். ஒரு கிழமை தருவீங்களோ?"

"தாறன்."

போகும்போது இன்னொன்று நடந்தது. படியில் இறங்கிய தாய், சின்னம்மாவின் இடது பக்கமாக வந்து, "போட்டு வாறம், பிள்ளை," என்றார். சின்னம்மா திரும்பவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். அதற்கும் திரும்பவில்லை. பெரியம்மா பாய்ந்து வந்து தோளில் தட்டி, "கூச்சம், சரியான கூச்சம்," என்றார். மாப்பிள்ளை சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் ஒழுங்கை முனையில் திரும்பக்கூட இல்லை, பெரியம்மா தொடங்கிவிட்டார். "ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்ல ஒரு கிழமை வேணுமாம். சரியான மந்தன். இனி வரமாட்டினம்."

சின்னம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு ஞானப்பாட்டுப் பாடினார். அவருக்குச் சுருதி ஒருபோதும் சேராது. "அந்தாள் பொய் சொல்லேல்லை, பாத்தியோ?" என்றார் என்னிடம். "என்னத்தையாவது அவிட்டு விட்டிருக்கலாம். விடேல்லை."

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். தனியாக, சைக்கிளில், தலைமயிரெல்லாம் தூசு. அம்மா பதறிப்போய் ஒரு கதிரையை எடுத்து, கைக்கு வந்த இடத்தில், சின்னம்மாவின் இடது பக்கம் போட்டார். அவர் இருக்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்து வலது பக்கம் வைத்து அமர்ந்தார். சின்னம்மா அந்தக் கதிரையையே பார்த்தார்.

"உங்கடை கேள்விக்கு மறுமொழி," என்றார். "கடைசியா நான் அபிப்பிராயத்தை மாத்தினது இந்தச் செவ்வாய்க்கிழமை."

"ஆரைப் பற்றி?"

"உங்களைப் பற்றி."

நான் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"போன கிழமை அம்மா ரெண்டு தரம் போட்டு வாறம் எண்டவ. நீங்கள் திரும்பேல்லை. மதிக்காத பிள்ளை, எனக்குச் சரிவராது எண்டு வழியிலையே முடிவெடுத்திட்டன். வீட்டை போயும் உங்கடை கேள்வி விடேல்லை. நான் ஆரைப் பற்றியும் அபிப்பிராயம் மாத்தினதே இல்லையோ எண்டு பயமா இருந்தது. அப்ப திரும்ப யோசிச்சன். அதே அம்மா உங்கடை வலது பக்கத்துக் கதிரையிலை இருந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் சீனி இருக்கோ எண்டு மெதுவாக் கேட்டவ. அந்தக் காத்துக்குள்ளையும் உங்களுக்குக் கேட்டது. மதிக்காத ஆள் எண்டா ரெண்டு பக்கமும் மதிக்கக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் மதிக்காமல் இருக்க ஏலாது." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு இடது காது கேளாதோ?"

குசினிக்குள் ஏதோ சட்டி விழுந்து உருண்டது.

"ஓம்," என்றார் சின்னம்மா. "சின்னனிலை இருந்து. நான் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். ஆனா கேட்டா மறைக்கமாட்டன்." உடனே அடுத்ததையும் கேட்டார்: "உங்கடை அம்மாவுக்குத் தெரியுமோ?"

"சொன்னனான். அவவுக்கு வருத்தம்தான். காதுக்கில்லை, மறைச்சதுக்கு. பிறகு, பிள்ளை பாவம் எண்டவ."

"பாவம் பாக்க வேண்டாம்."

"நான் பாக்கேல்லை. அம்மாவுக்கும் அதைச் சொன்னனான்." பிறகு அவர், "இப்ப உங்கடை மறுமொழியைச் சொல்லுங்கோ," என்றார்.

அம்மா கதவடியில் வந்து நின்றார். அப்பாவின் பேப்பர் கீழே இறங்கியது. சின்னம்மா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒரு கிழமை வேணும்."

"ஐயோ, கர்த்தரே!" என்றார் அம்மா.

மாப்பிள்ளை முதல்முறையாகச் சிரித்தார். முழுப் பல்லும் தெரிந்தது. "நியாயம்," என்று எழும்பினார்.

அந்தக் கிழமை எங்கள் வீடு பட்டபாட்டைச் சொல்லி முடியாது. பெரியம்மா வரவே இல்லை. அம்மா சோற்றுக்கு உப்புப் போட மறந்தார். "உந்தளவுக்குக் கண்டுபிடிச்சு வந்த மனிசனுக்கு உடனை ஓம் சொன்னா என்ன?" என்று கேட்டதற்குச் சின்னம்மா சொன்னார்: "அவர் கண்டுபிடிச்சதிலை எனக்குப் பெரிய சந்தோஷம், அக்கா. இப்ப முடிவெடுத்தா அது சந்தோஷம் எடுக்கிற முடிவு. அது கொஞ்சம் அடங்கட்டும். பிறகு நான் எடுக்கிறன்."

அப்பாதான் அம்மாவைச் சமாதானப்படுத்தினார். "நீ சீலை எடுக்க ஒரு நிமிசம். அவளுக்கு ஒரு கிழமை. எடுத்தாப் பிறகு ரெண்டு பேரும் வருசக் கணக்கா உடுக்கிறியள்தானே."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். அந்த இரண்டு பேரும் நல்லூரில் எங்களுக்கெல்லாம் பக்கத்தில்தான் இப்போதும் இருக்கிறார்கள். எண்பது தாண்டிவிட்டது. சண்டை வந்தால் ஆளுக்காள் மற்றவருடைய பக்கத்தை எடுத்துக் கதைத்துப் பார்ப்பார்கள். சில நேரம் மாறியே நின்றுவிடுவார்கள், திரும்பவும் சண்டை வரும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்கே போவது என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, சுற்றம் முழுக்க அவர்கள் முகத்தைத்தான் பார்த்தது. மனசில்லாதவள் என்று பெரியம்மா சொன்ன சின்னம்மா, ஒரு மனிதரைப் பற்றிக் கதைப்பதற்குமுன் அவரைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் கதைத்தார். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்தோம்?

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சின்னம்மா வெள்ளைச் சீலை உடுத்து, "மறுமொழி குடுக்க வேண்டியது நான். நான்தான் போக வேணும்," என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு மானிப்பாய் பஸ்ஸில் ஏறினார். பெண் பிள்ளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா என்று அம்மா படலைவரை வந்து தடுத்துப் பார்த்தார். ஆனால் மடியில் வைத்திருந்த பணியாரப் பார்சலை எங்களிடம் தந்துவிட்டார்.

மாப்பிள்ளை முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் போட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். தாய் ஓடிவந்து சின்னம்மாவின் இடது பக்கம் நின்று, ஞாபகம் வந்து, மற்றப் பக்கம் மாறி, "வாங்கோ, பிள்ளை," என்றார்.

சின்னம்மா நின்றபடியே சொன்னார். "ஓம்."

அவர் எண்ணெய்க் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "ஏன் எண்டு கேக்கலாமோ?"

"காரணம் கனக்க இருக்கு. எல்லாம் சொல்லட்டோ?"

"எல்லாம் சொல்லுங்கோ. எனக்கு நேரம் இருக்கு."

இருவரும் மாமரத்தின் கீழே போட்டிருந்த மர வாங்கில் இருந்தார்கள். சின்னம்மா சொல்லத் தொடங்கினார். நடுவில் அவர் ஏதோ மறுத்தார். சின்னம்மா யோசித்துவிட்டு, "அது சரி, அந்தக் காரணத்தை எடுத்துவிடுவம்," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். தாய் எனக்குக் கதலிப்பழம் தந்தார், பிறகு சோறு தந்தார், பிறகு திரும்பவும் பழம் தந்தார். றோட்டில் பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. மாமர நிழல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போயிற்று.

நாங்கள் வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். அம்மா படலையில் நின்றார். பின்னால் பெரியம்மா, ஒன்றும் கேட்க வராதவர்போல வேலியில் சாய்ந்துகொண்டு. சின்னம்மா வெட்கச் சிரிப்போடு இரண்டு பேரையும் கடந்து உள்ளே போய்விட்டார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்னடி சொன்னவள்?"

"ஓம் எண்டு சொன்னவ."

"ஓம் எண்டு சொல்லவோ இவ்வளவு நேரம்?"

"காரணமும் சொன்னவ, அம்மா."

"என்ன காரணமாம்?"

நான் முழுக்க முழுக்கக் கதலிப்பழம் தின்றுகொண்டிருந்தவள். எவ்வளவு யோசித்தும் ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

"தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுற ஆளாம்."

பெரியம்மா வேலியை விட்டு நிமிர்ந்தார். அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை ஒரு காரணத்தையும் அவர் அப்படி முழுதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அது ஒண்டே போதும்," என்றார்.